பந்தியில் நின்ற பரி

விழுப்புரம் மாவட்டத்திலே, செஞ்சி நகரைச் சூழ்ந்து மூன்று குன்றங்கள் ஓங்கி நிற்கின்றன. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்பன அவற்றின் பெயர்கள். பெரும்பாறைகளை வாரிக் குவித்தாற்போன்று தோன்றும் அக்குன்றங்களை நெடுமதில் ஒன்று வளைத்துச் செல்கின்றது. நாயக்க மன்னர் ஆண்ட அக்கோட்டையைப் பின்னர்ப் பீசப்பூர்ச் சுல்தானின் படை கைக்கொண்டது. 1677 ஆம் ஆண்டில் மராட்டிய மன்னர் சிவாசி அதனைக் கைப்பற்றினார். 1698 இல் மொகலாயரும், 1750 இல் பிரெஞ்சுக்காரரும், 1761 இல் ஆங்கிலேயரும் முறையே அதனைத் தமதாக்கிக் கொண்டனர். மராட்டியரின் படைத்தலங்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக, 2025 ஆம் ஆண்டில் உலக மரபிடம் என்னும் சிறப்பும் செஞ்சிக்கு வாய்த்தது.

செஞ்சிப் பகுதியிலே தளவானூர் என்று ஓர் ஊர் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து அமைத்த சத்துருமல்லேச்சுரம் என்னும் குகைக்கோயிலால் அது பெயர்பெற்றது. அவ்வூர்ப் பள்ளிச் சிறுவர் சிலரோடு ஒரு நாள் செஞ்சிக் கோட்டையைக் காணச் சென்றேன். கலியாண மகாலையும், நெற்களஞ்சியத்தையும், யானைக்குளத்தையும் கண்டு மகிழ்ந்த பின்னர், வரிசை வரிசையாக வளைவுகள் அமைந்த ஒரு நீண்ட கட்டடத்தின் முன் வந்து நின்றோம். அதனைக் குதிரைப் பந்தி என்று காட்டுவர். படைவீரர் தங்கிய இடம் என்பாரும் உளர். எதுவாயினும் ஆகுக. அவ்வளைவுகளுள் ஒன்றில் நுழைந்து நான்கு சுவர்களையும் சுற்றிப் பார்த்த சிறுமி ஒருத்தி, "ஐயா, குதிரை ஓடுவதற்கென்றே பிறந்தது என்று நேற்றுப் பாடம் சொன்னீர்களே. அது நாள் முழுவதும் இதற்குள்ளேயா நின்றிருக்கும்?" என்று வினவினாள்.

சிறியோர் வினாக்களிற் சில, பெரியோரையும் சிந்திக்க வைக்கும். "நாள்தோறும் வெளியே கொண்டு போயிருப்பார்கள், அம்மா" என்று அப்பொழுது விடை கூறினேன். ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவு அளிக்கவில்லை. குதிரையை வெளியே உலவ விடாமல் பந்தியிலேயே கட்டி வளர்ப்பது அதற்கு நன்மையா, தீமையா என்று ஆராயப் புகுந்தேன். அங்ஙனம் ஆராய்ந்து அறிந்தவற்றையே ஈண்டு எடுத்துரைக்கின்றேன்.

செஞ்சி என்றதும் நம் மக்கள் நினைவிற்கு வருபவன் இராசா தேசிங்கு. வரலாற்றிலே அவன் பெயர் தேசு சிங்கு என்பதாம். 1714 ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்துச் சிறுபடையோடு பொருது, இளமையிலேயே மாண்டான். அவனைப் பற்றிய நாட்டுக் கதைப்பாடலிலே அவனுக்கு ஒப்பான சிறப்பு அவன் குதிரைக்கும் உண்டு. பாராசாரி என்பது அதன் பெயர். தில்லியிலே எவராலும் அடக்க முடியாது நின்ற அக்குதிரையை, இளைஞனாகிய தேசிங்கு அடக்கி ஏறினான் என்று அக்கதை கூறும். கதை வேறு, வரலாறு வேறு என்பது உண்மையே. எனினும் கதை கேட்ட மக்கள் நெஞ்சில் நின்ற குதிரை, வெளியிலே காற்றெனப் பாய்ந்த குதிரையே அன்றிக் கொட்டிலிலே கொழுத்து நின்ற குதிரை அன்று.

தமிழ்நாட்டில் குதிரை இயல்பாகப் பெருகிய விலங்கு அன்று. அது கடல் கடந்து வந்தது. கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைக் காவிரிப்பூம்பட்டினத்து வளங்களுள் ஒன்றாகப் பட்டினப்பாலை குறிக்கின்றது. பாண்டிய மன்னர் காலத்திலே அரபு நாட்டுத் துறைகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் நம் கடற்றுறைகளில் வந்து இறங்கின. குதிரை வாங்கப் பொருளொடு சென்ற மாணிக்கவாசகர், திருப்பெருந்துறையில் ஆட்கொள்ளப்பெற்ற வரலாற்றையும், நரிகள் பரிகளாகி வந்து மீண்டும் நரிகளான திருவிளையாடலையும் அறியாதார் இலர். அரசன் கருவூலத்தின் பெரும்பகுதி குதிரைக்கே செலவாயிற்று என்பதற்கு அக்கதையும் ஒரு சான்றாகும்.

அவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? வெனிசு நகரத்து வணிகர் மார்க்கோ போலோ 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டவர். ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை ஓர் அரசன் வாங்கினும், ஆண்டின் முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும், குதிரை மருத்துவம் அறிந்தார் இங்கு இல்லை என்றும், சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் குதிரைக்குக் கொடுக்கின்றனர் என்றும் அவர் எழுதி வைத்தார். அவர் கூறிய எண்ணைச் சற்றுக் குறைத்தே கொண்டாலும், இழப்புப் பெரிது என்பதில் ஐயமில்லை.

அவருக்குச் சற்றுப் பின்னர் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபு என்பார் இதனினும் நுட்பமான செய்தி ஒன்றைத் தருகின்றார். மாபார் என அவர் அழைத்த நம் நாட்டிற்கு வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும், நெய்யிட்ட தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தனராம். பின்னர் அவை கொழுக்கும் பொருட்டு, நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கொட்டிலிலேயே பிணித்து வைத்தனராம். அதன் பிறகு முறையான பயிற்சி ஏதுமின்றி ஏறிக் கடுமையாக ஓட்டினராம். ஆற்றல் மிக்க குதிரைகளும் விரைவிலேயே தளர்ந்து, மந்தமாகிப் பயனற்றுப் போயின என்றும், அதனாலேயே ஆண்டுதோறும் புதிய குதிரைகளை வாங்க வேண்டியதாயிற்று என்றும் அவர் கூறுகின்றார்.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கருதுங்கள். அக்குதிரைகளை எவரும் வெறுக்கவில்லை. பசும்பாலும் நெய்யும் ஊட்டியவர்கள் அன்பில்லாதவர் ஆவரோ? அன்பு இருந்தது. ஆயின் அவ்வன்பு, குதிரை எத்தகைய உயிர் என்று கேட்டறியாத அன்பாயிற்று. தமக்கு நன்று எனத் தோன்றியதைக் குதிரைக்குச் செய்தார்கள். குதிரைக்கு நன்றாவது எது என்று நோக்கினாரல்லர்.

இக்குதிரைகள் மடிந்ததற்குக் கட்டி வைத்தது ஒன்றே காரணம் என்று கூறிவிடுதல் முறையன்று. நம் நாட்டு வெப்பமும், ஒவ்வாத உணவும், மருத்துவக் குறையும், முரட்டு ஓட்டமும் காரணங்களே. எனவே, கட்டி வைத்தல் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதைத் தனியே பிரித்து அறிதல் வேண்டும். அதற்கு இக்காலக் கால்நடை மருத்துவம் துணை செய்கின்றது.

முதலாவது, வயிறு. பசுவின் வயிறு நான்கு அறைகள் உடையது. அது விரைந்து மேய்ந்து, பின்னர் ஓய்ந்து அசைபோடும். குதிரையோ அசைபோடுவது அன்று. அதன் இரைப்பை உடலளவை நோக்க மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். ஆதலால், சிறிது சிறிதாக இடைவிடாது மேய்வதே அதன் இயல்பு. வெளியில் விட்ட குதிரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் மேயும். அதன் இரைப்பையில் புளிப்புநீர் இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருக்கும். அதனைத் தணிக்கும் உமிழ்நீரோ, மெல்லும்பொழுது மட்டுமே சுரக்கும். ஒரு கிலோ உலர்புல்லை உண்ணக் குதிரை 3,000 முறைக்கு மேல் மெல்லும். ஒரு கிலோ தானியத்திற்கு ஏறத்தாழ 1,000 முறை மெல்லுதலே போதும். ஆகவே, காலையில் ஒரு கூடைக் கொள்ளும் மாலையில் ஒரு கூடைக் கொள்ளும் கொடுத்து இடையில் வெறுவயிறாக நிறுத்திய குதிரைக்கு இரைப்பையிலே புண் தோன்றுகின்றது. குடல் அசைவு குறைந்து வயிற்றுவலியும் வருகின்றது. அவ்வலி சில வேளைகளில் உயிரையே கொள்ளும்.

இரண்டாவது, கால். குதிரையின் குளம்பு வெறும் நகம் என்று எண்ணாதீர். ஒவ்வோர் அடி வைக்கும்பொழுதும் குளம்பு சிறிது விரிந்து சுருங்கும். அவ்வசைவு, காலில் இறங்கிய குருதியை மேலே செலுத்துதற்குத் துணையாகின்றது. நெடுநேரம் நின்ற குதிரைக்குக் கால்கள் வீங்குதலையும், நடத்தியவுடன் அவ்வீக்கம் வடிதலையும் குதிரை வைத்திருப்போர் கண்கூடாகக் காண்பர். இளங்குட்டிகளைக் கொட்டிலிலேயே வளர்த்தால் எலும்பு உறுதிப்படுவதில்லை. துள்ளி ஓடும் சிறு ஓட்டங்களே எலும்பை வலுப்படுத்துகின்றன. மேலும், முழுத்தீனி தின்று சில நாள் வாளா நின்ற குதிரையைத் திடீரென்று ஓட்டினால் அதன் தசைகள் இறுகி நோவெடுக்கும். ஞாயிறு ஓய்ந்து மறுநாள் வேலைக்குச் சென்ற வண்டிக் குதிரைகளுக்கு இது மிகுதியாக வந்தமையால், மேனாட்டார் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயரிட்டனர். நாற்பது நாள் கட்டி வைத்து நாற்பத்தோராம் நாள் விரட்டிய குதிரைகள் எப்பாடு பட்டிருக்கும் என்பதை இதனால் உணரலாம்.

மூன்றாவது, மூச்சு. அடைத்த கொட்டிலிலே வைக்கோல் தூசியும், சிறுநீரிலிருந்து எழும் காரநெடியும் நிறைந்திருக்கும். அக்காற்றையே நாள் முழுவதும் உட்கொள்ளும் குதிரைக்குத் தீராத இருமலும் இளைப்பும் உண்டாகும்.

நான்காவது, உள்ளம். விலங்கிற்கு உள்ளம் உண்டோ என்று வினவாதீர். குதிரை கூட்டமாக வாழும் உயிர். ஒன்றன் பிடரியை மற்றொன்று பல்லால் மெல்லக் கோதிக் கொடுக்கும். அங்ஙனம் கோதும்பொழுது அதன் நெஞ்சத் துடிப்பு அமைதியுறுதலை ஆராய்ந்து கண்டிருக்கின்றனர். குதிரை நின்றுகொண்டே உறங்கும் என்பது உண்மையே. ஆயினும் ஆழ்ந்த கனவுத் துயிலுக்கு அது படுத்தே ஆகவேண்டும். அச்சமற்ற இடமும் அருகே துணையும் இருந்தாலன்றி அது எளிதிற் படுக்காது. தனியே அடைபட்ட குதிரைகளுள் சில, தொட்டி விளிம்பைப் பல்லாற் கவ்விக் காற்றை விழுங்கும். சில, தலையை இப்புறமும் அப்புறமும் ஓயாது ஆட்டும். சில, கொட்டிலையே சுற்றிச் சுற்றி நடக்கும். இவற்றைக் கெட்ட பழக்கம் என்று முற்காலத்தார் கருதினர்; கழுத்துவார் இட்டும் அடித்தும் நிறுத்த முயன்றனர். கட்டற்றுத் திரியும் குதிரைக் கூட்டங்களில் இப்பழக்கங்கள் காணப்படுவதில்லை. ஆதலின், பழக்கம் கெட்டதன்று, வாழும் நிலையே கெட்டது என்று இப்பொழுது தெளிந்திருக்கின்றனர்.

இவற்றையெல்லாம் கேட்ட ஒருவர், "நாள்தோறும் ஏறி ஓட்டுகின்றோமே. அது போதாதா?" என்று வினவலாம். ஏறி ஓட்டுதல் உடற்பயிற்சியே. அதனை இகழ்தல் வேண்டா. ஆயினும் அது மனிதன் விரும்பும் நடை, மனிதன் விரும்பும் வழி, மனிதன் விரும்பும் நேரம். குனிந்து மேய்தல், மண்ணிற் புரளுதல், துணையோடு நிற்றல், வேண்டியபொழுது ஓடி வேண்டியபொழுது நிற்றல் ஆகியவை அதனுள் அடங்கா. சில நாள் அடைத்து வைத்துப் பின்னர் அவிழ்த்துவிட்ட குதிரை, சேர்த்து வைத்ததைச் செலவிடுவதுபோல் மிகையாகத் துள்ளிப் பாயும். ஏறி ஓட்டுதலால் தணியாத ஒரு வேட்கை அதற்கு உண்டு என்பதை அத்துள்ளலே காட்டுகின்றது. ஜட்கா வண்டிகள் ஓடிய என் இளமைக் காலத்திலே, வண்டியை அவிழ்த்தவுடன் குதிரையை மணலில் புரளவிட்டுப் பின்னரே தண்ணீர் காட்டிய வண்டிக்காரர்களைக் கண்டிருக்கின்றேன். அவர்கள் நூல் கற்றவர் அல்லர். குதிரையைக் கற்றவர்.

இனி, மறுபக்கத்தையும் நோக்குதல் அறமாகும். கொட்டில் வேண்டாதது அன்று. கத்திரி வெயிலிலும் அடைமழையிலும் குதிரைக்கு நிழலும் கூரையும் வேண்டும். ஈயும் கொசுவும் மிக்க வேளையில் அடைப்பு நன்மையே செய்யும். புண்பட்டதற்கும் தொற்றுநோய் கண்டதற்கும் தனியிடம் இன்றியமையாதது. வெளியில் விட்டால் ஒன்றையொன்று உதைத்துக் காயப்படுத்துதலும் உண்டு. செழித்த பசும்புல்லை அளவின்றி மேய்ந்து குளம்புநோய் கொள்ளுதலும் உண்டு. அவிழ்த்து விடுதல் என்னும் பெயரால் தெருவிலே கைவிடுதல் மிகப் பெருங்குற்றம். உதகமண்டலத்தின் தெருக்களிலே வேலையற்ற குதிரைகள் குப்பையைக் கிளறித் தின்றும், ஊர்திகளிடையே திரிந்தும் துன்புறுதலைப் பலர் கண்டிருப்பர். கட்டிப் போடுதலும் கைவிடுதலும் ஒன்றற்கொன்று மாற்று ஆகா. இரண்டும் பொறுப்பின்மையின் இரு முகங்களே.

சட்டம் இதுபற்றி என்ன கூறுகின்றது? நாட்டியக் கலைஞர் உருக்குமணிதேவி அருண்டேல், மாநிலங்களவையில் 1953 ஆம் ஆண்டில் கொண்டுவந்த முன்மொழிவு, 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திற்கு வழிகோலியது. ஒரு விலங்கு தக்கவாறு அசைதற்கு இடமில்லாத கூண்டில் அதனை அடைத்தலும், மிகக் குறுகிய அல்லது மிகக் கனத்த சங்கிலியால் நெடுநேரம் கட்டி வைத்தலும் அச்சட்டத்தின்படி குற்றமாகும். வழக்கமாகக் கட்டி வைக்கும் நாய்க்கு உடற்பயிற்சி அளிக்கத் தவறுதலையும் அச்சட்டம் தனியே எடுத்துக் கூறுகின்றது. குதிரையின் பெயர் அவ்விடத்தில் இல்லை. சுவிட்சர்லாந்து நாடோ, 2008 ஆம் ஆண்டில் இயற்றிய விதிகளால் குதிரையைக் கட்டியே வளர்ப்பதை விலக்கியது. ஒரு குதிரை மற்றொன்றைக் காணவும் கேட்கவும் முகரவும் இயலுதல் வேண்டும் என்றும், வேலையில்லாத குதிரையை நாள்தோறும் 2 மணி நேரமேனும் வெளியில் விடுதல் வேண்டும் என்றும் அந்நாடு வகுத்தது.

நம் நாட்டில் இதற்கு இடம் எங்கே என்று சிலர் கேட்பர். இக்கேள்வியைப் புறக்கணித்தல் ஆகாது. திருமண ஊர்வலத்திற்கும் கடற்கரைச் சவாரிக்கும் ஒற்றைக் குதிரையை வைத்துப் பிழைக்கும் ஏழைக்குப் புல்வெளி ஏது? முன்னாளிலே ஒவ்வோர் ஊரிலும் மேய்ச்சற் புறம்போக்கு என்று பொதுநிலம் ஒன்று இருந்தது. சென்னை மாநகரிலுள்ள மந்தைவெளி என்னும் பெயரும் ஒரு காலத்து மேய்ச்சல் வெளியையே நினைவூட்டுகின்றது. வெளி போயிற்று, பெயர் நின்றது. ஊருக்குப் பொதுவான நிலம் சுருங்கும்பொழுது, முதலில் கட்டுண்பது வாயில்லா உயிரே. ஆதலால், இக்குறை குதிரைக்காரர் ஒருவருடைய குறை மட்டும் அன்று. ஊராருடைய குறையும் ஆகும்.

எனினும் இயன்ற அளவு செய்யத் தடையில்லை. காலை இளவெயிலிலும் மாலையிலும் வேலியிட்ட ஒரு வெற்றிடத்தில் இரண்டொரு மணி நேரம் அவிழ்த்து விடலாம். அங்கே புல் இல்லையாயினும் மணலும் நிழலும் தண்ணீரும் இருத்தல் நன்று. தானியத்தைக் குறைத்துப் புல்லையும் தட்டையையும் பலமுறை பகுத்து இடலாம். தனிக் குதிரைக்கு மற்றொரு குதிரையோ, அதுவும் இல்லையேல் ஓர் ஆடோ கழுதையோ துணையாகலாம். நெடுநாள் அடைபட்ட குதிரையை ஒரேயடியாக விடாமல், நாளுக்கு நாள் நேரத்தை மிகுத்துப் பழக்குதல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. குதிரையை நோக்கும் கண்ணே வேண்டும்.

நம் முன்னோருள்ளும் அத்தகைய கண் உடையார் இருந்தனர். புறநானூற்றின் 299 ஆம் பாடலைப் பாடியவர் பொன்முடியார். அப்பாடலிலே இருவகைக் குதிரைகள் வருகின்றன. ஒன்று, சிற்றூர்த் தலைவன் ஒருவனுடைய குதிரை. உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடையோடு வளர்ந்தது. மற்றவை, வளமிக்க நாட்டு மன்னர்களின் குதிரைகள். நெய் கலந்த உணவு உண்டு, பிடரி கத்தரித்து, மாலை சூட்டப்பெற்றவை. போர் வந்தது. சிற்றூர்க் குதிரை, கடலைக் கிழிக்கும் தோணிபோல் பகைப்படையைப் பிளந்து சென்றது. நெய்யுண்ட குதிரைகளோ ஒதுங்கி நின்றன. அப்பாடல் கொட்டிலைப் பற்றிப் பேசவில்லை என்பது உண்மை. ஆயினும் ஊட்டமும் ஒப்பனையும் ஒரு குதிரையைக் குதிரையாக்கா என்னும் உண்மை அதனுள் ஒளிர்கின்றது. நெய்யும் பாலும் ஊட்டிக் கட்டி வைத்தோர் அதனை எண்ணிப் பார்த்திருப்பின், கப்பல் கப்பலாக வந்த அக்குதிரைகளுள் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கும்.

ஆகவே, அன்று செஞ்சிக் கோட்டையிலே அச்சிறுமி கேட்ட வினாவிற்கு இன்று விடை கூறுகின்றேன். கொட்டில் குதிரைக்கு வீடு ஆகலாம். சிறை ஆதல் ஆகாது. வெயிலுக்கும் மழைக்கும் நோய்க்கும் ஒதுங்குமிடமாக அமைந்து, நாள்தோறும் கதவு திறக்குமாயின் அது வீடு. கதவு திறவாதாயின், பொன்னாற் செய்த தொட்டியில் பாலும் நெய்யும் வார்த்தாலும் அது சிறையே. செஞ்சியின் வளைவுகள் இன்று வெறுமையாக நிற்கின்றன. காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் செல்கின்றது. அங்கே நின்ற குதிரைகளுக்கு நாம் இனி ஒன்றும் செய்தல் இயலாது. நம் ஊரிலே, நம் தெருவிலே, ஒரு முளையிற் கட்டுண்டு நிற்கும் குதிரைக்குச் செய்யலாம். கயிற்றை அவிழ்க்கும் கை, கட்டிய கையினும் பெரிது என்பதை உணர்ந்து வாழ்வோமாக.